அண்ணன் கொடுத்த துண்டு

ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும், காலை ஏழு மணி அடித்தால் அவளுக்குக் கை பரபரக்கும். முப்பத்தொரு வருஷம் அந்த நேரத்தில் ஆய்வுக்கூடத்தின் வெதுவெதுப்பான பெட்டியைத் திறந்து, உள்ளே வளரும் செல்களுக்குத் தீனி மாற்றியவள். தீனி என்றால் இளஞ்சிவப்பாய் ஒரு திரவம். செல்களுக்கு அம்மா என்பதால் எல்லாருக்கும் அவள் 'செல்லம்மா'.

அங்கே ஆராய்ச்சி உணவுக்குழாய்ப் புற்றுநோயைப் பற்றி. செல்லின் மேலுறையில் நுண்ணிய வாயில்கள் உண்டு. பொட்டாசியம், கால்சியம் எல்லாம் அவை வழியாகத்தான் போய்வரும். அயனிக் கால்வாய்கள் என்பார்கள். புற்றுச் செல்லில் அவற்றில் சில அளவுக்கு மீறி இருக்கும். அடைத்துவிட்டால் அது பெருகுவது குறையுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் அவள் அண்ணனுக்கே அந்த நோய் வந்தது. பஸ் டிரைவர்; வாய் ஓயாத மனுஷர். அறுத்தெடுக்கும் கட்டியில் ஒரு துண்டு ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று டாக்டர் கேட்டார்.

"என் தங்கச்சி கிட்டதானே போகுது? எடுத்துக்குங்க" என்று கையெழுத்துப் போட்டார் அண்ணன்.

துண்டைப் பிரித்து ஆறு தட்டில் வைத்தாள். ஐந்து செத்தன, ஒன்று பிழைத்தது. உடம்பு தேறியதும் அண்ணன் பார்க்க வந்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

"என்னைத் தண்ணிகூட முழுங்க விடல. இங்க வந்து மூக்கு முட்டத் தின்னுது. நீதான் செல்லம் குடுத்துக் கெடுக்கிற."

"சும்மா இருண்ணே. எந்த மருந்துக்கு இது அடங்கும்னு பார்க்கத்தான் வளக்கிறேன்."

"அப்ப நல்லா வளத்து விடு."

அடுத்த வருஷம் நோய் திரும்பியது. அண்ணன் மீளவில்லை. பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தவளிடம், "அந்தத் தட்டை நான் பாத்துக்கிறேன்" என்றார் ஆராய்ச்சித் தலைவி.

"வேணாம் மேடம். பசியா இருக்கும்" என்று கையுறையை மாட்டினாள்.

பொட்டாசியக் கால்வாயை அடைக்கும் மருந்தை அந்தச் செல்களில்தான் முயன்றார்கள். மூன்றாம் நாள் எண்ணினாள்; மருந்து போடாத தட்டில் இருந்ததில் பாதிகூட இல்லை. திரும்ப எண்ணினாள், அதேதான். சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். அண்ணனைக் கொன்றது அடங்குகிறது; அண்ணன் உடம்பில் மிச்சமிருப்பதும் அது ஒன்றுதான்.

மருந்து மனிதர்களுக்கு வர இன்னும் எத்தனையோ சோதனை பாக்கி. ஆனால் செல்கள் வளர்கின்றன. போன வாரம், அவற்றில் கொஞ்சம் வாங்கிப்போன வேறொரு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் ஃபோனில் கூப்பிட்டு, அவற்றை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை கொஞ்சம் கூடுதலா ஊத்தும்மா" என்றாள் செல்லம்மா. "ரெண்டு நாள் லீவுல வாடிப் போயிடும்."