எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய கார்

மெழுகுதிரியை உருக்கி மண்ணெண்ணெய் விட்டுக் கிளறும்போது எழுகிற மணம் மூக்கில் ஏறி, தொண்டைக்குள் இறங்கி, அன்று முழுவதும் தின்கிற சோற்றிலும் மணக்கும். சண்டையால் பாதை அடைபட்டு, பெற்றோலும் சவர்க்காரக் கட்டியும் வராமல் போன காலத்தில், கரவெட்டியில் எங்கள் அப்பா கார் மினுக்கக் கண்டுபிடித்த "பொலிஷ்" அது. என் ஒன்பது வயதின் மணம் எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்வேன், விருப்பத்தோடு அல்ல.

அப்பாவுக்குக் கார்ப் பைத்தியம். தகப்பன் விட்டுப்போன கறுப்புக் காரைச் சனிக்கிழமை தவறாமல் கிணற்றடியில் கழுவி, பழைய சாறத் துண்டால் தேய்த்து, முன்மூடி "பொனற்"றில் தன் மீசையைப் பார்த்துச் சிரிப்பார். "மனுசியைக்கூட இப்பிடிப் பாக்கிறேல்லை" என்று ஊர் பகிடி பண்ணும். அப்படிப்பட்ட மனிதர் ஒரு வருடமாகத் தன் கையாலேயே அதற்குச் சேறும் சாம்பலும் பூசி, சில்லுகளைக் கழற்றி வைக்கோலுக்குள் ஒளித்து, கற்களின் மேல் நிறுத்தித் தென்னோலைக் கிடுகால் மூடி வைத்திருந்தார். பின் ஆசனத்தில் கோழி அடைகிடந்தது. துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஓடுகிற வாகனங்களையெல்லாம் கேட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓடாத காரை யார் கேட்கப் போகிறார்கள்?

ஆனால் இந்தக் கடைசி மாதங்களில் அவர் காரைக் காத்தது காருக்காக அல்ல. அம்மாவுக்கு எட்டு மாதம். என்னை வயிறு கீறித்தான் எடுத்தார்கள். இந்தப் பிள்ளையையும் அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று "டாக்குத்தர்" சொல்லியிருந்தார். அதற்கு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும், இருபது மைல். பெற்றோலில் எஞ்சின் பிடித்துவிட்டால் பிறகு மண்ணெண்ணெயிலேயே ஓடும் என்பதால், அந்த ஒரு பயணத்துக்கென்று ஒரு போத்தல் பெற்றோல் ஒளித்து வைத்திருந்தார்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆயுத பூசை வந்தது. மண்வெட்டிக்கும், அம்மாவின் தையல் மெஷினுக்கும், என் கொம்பாஸ் பெட்டிக்கும் சந்தனம் வைத்தாயிற்று. அப்பா கிடுகைத் தூக்கிப் பிடித்தபடி காரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சேத்துக்கு மேலை சந்தனம் வைக்கேலாது."

"இஞ்சை, இந்தமுறை விடுங்கோ. சாமி கோவிக்காது," என்றார் அம்மா.

"ஒரு நாள்தானே. நாளைக்கு விடியத் திரும்பப் பூசிவிடுறன்."

பூசை செய்யாத வண்டியில் அம்மாவை அந்தப் பயணத்துக்கு ஏற்ற அவருக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அன்று எனக்குக் கொண்டாட்டம். வாளி வாளியாய் அள்ளி ஊற்ற, ஒரு வருடச் சேறு கரைந்து வாழைப் பாத்திக்குள் ஓடியது. மெழுகு போட்டுத் தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு எழும்பி, மத்தியானத்துக்குள் தென்னை வட்டு அதில் தெரிந்தது. நான் பல் முழுக்கக் காட்டிப் பார்த்தேன். அம்மா மட்டும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வீதிக்குப் போகிற ஒழுங்கையையே பார்த்தபடி நின்றார். அப்பா சில்லுகளைப் பூட்டினார். முன்சில்லின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, ஒளித்த போத்தலிலிருந்து கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைப் பிடித்து, இரண்டடி ஓட்டினார். பழம் "சளக்" என்று நசிந்தது. ஒரு வருடமாகக் கேளாத சத்தத்துக்கு ஊர் நாய்கள் எல்லாம் குரைத்தன.

அவலும் கடலையும் கொண்டு நான் நாலு வீடு போனேன். நாலு வீட்டிலும், "எங்கடை கார் மினுங்குது, வந்து பாருங்கோ" என்றேன்.

நாலு மணிபோல, தோளில் துவக்கோடு மூன்று இளைஞர்கள் வந்தார்கள்.

"ஐயா, காரை ஒருக்கா எடுக்கவேணும். ரெண்டு நாளிலை தாறம்."

"அது ஓடாது, தம்பி."

கேட்டவன் மரியாதையான பையன். குரலை உயர்த்தவில்லை, குனிந்து சில்லடியைப் பார்த்தான். "அப்ப உந்தப் பழத்தை ஆர் நசிச்சது?"

அப்பா அம்மாவின் வயிற்றைக் காட்டினார். "ஓம் ஐயா, விளங்குது. அதுக்கிடையிலை கொண்டுவந்திடுவம்," என்றான். போத்தலும் காருக்குள்தான் இருந்தது. சந்தனப் பொட்டோடு கார் ஒழுங்கை திரும்பிப் போனது. பிறகு அதை நாங்கள் காணவில்லை.

மூன்று கிழமை கழித்து ஒரு விடியப்புறம் அம்மாவுக்கு வலி கண்டது. அப்பா வீடு வீடாய் ஓடி ஒரு உழவு இயந்திரம் பிடித்து வர வெயில் ஏறிவிட்டது. அதன் பின்பெட்டியில் வைக்கோல் பரப்பித்தான் அம்மாவைக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் தம்பியை எடுத்தபோது அவன் அழவில்லை. அம்மா வெறுங்கையோடு வீடு வந்தார். என் வாயால்தான் எல்லாம் போயிற்று என்று நான் எத்தனையோ வருடம் ஒளித்து அழுதிருக்கிறேன்.

இப்போது ஒழுங்கைக்குத் தார் போட்டாயிற்று. கிணற்றுக்கு மோட்டார், கார் நின்ற இடத்தில் குளியலறை. என் கணவரின் காரைச் "சேர்விஸ்" நிலையத்தில் நுரை அடித்துக் கழுவி மெழுகு பூசிக் கொடுக்கிறார்கள், மண்ணெண்ணெய் மணம் இல்லாமல். ஆயுத பூசைக்கு அப்பாதான் சந்தனம் வைப்பார், எலுமிச்சம்பழமும் வைப்பார். பழம் நசிந்ததும் மெல்லக் குனிந்து, நசிந்ததை ஒரு தோல் விடாமல் பொறுக்கி, கிடங்கு தோண்டிப் புதைப்பார். பிறகு கிணற்றடியிலிருந்து இரண்டு கை ஈரமண் அள்ளிவந்து, மினுங்குகிற பொனற் முழுவதும் பூசுவார். முதல் வருடம் என் கணவருக்குக் கோபம் வந்தது. இப்போது அவரும் சும்மா நிற்கிறார்.

பூசி முடிந்ததும் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அப்பாவின் கைகளில் ஊற்றிக் கழுவி விடுவார்.