நௌபர் நானா குடித்திருக்கவில்லை

நௌபர் நானா போய்விட்டார். இன்று காலை, ஆஸ்பத்திரியில்...

ஓட்டமாவடிக்காரர். வாழைச்சேனை–மட்டக்களப்பு பிரைவேட் பஸ்ஸில் ஏழு வருஷம் அவர் டிரைவர், நான் கண்டக்டர்.

கோபக்காரர். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றின் மேல் கைவைத்தவனை, பஸ்ஸை நிறுத்தி, கொலரைப் பிடித்து இறக்கி, ரோட்டில் போட்டு மிதித்தவர். தடுக்கப் போன எனக்கும் ஓர் அறை. பிறகு அவரே பிளேன்டீ வாங்கித் தந்தார்.

மூன்று மாதத்துக்கு முன்பு தலையிடி தொடங்கியது. இரண்டு கிழமை பெனடோலிலேயே ஓட்டினார்.

"தலைக்குள்ள ஆரோ சுத்தியலால அடிக்கிற மாதிரிக் கிடக்கு தம்பி."

"டொக்டரிட்டப் போங்க நானா" என்றேன். "நாளைக்குப் பாப்பம்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. சித்தாண்டி தாண்டியதும் அவருடைய வலது கை தானாகத் துடித்தது.

"தம்பி, கை என்ட சொல்லுக் கேக்குதில்லடா!"

எதிரே டிப்பர். இடக்கையாலேயே ஸ்டியரிங்கை ஒடித்து, முன்சில்லு வயல் வட்டைக்குள் இறங்க, பிரேக்கில் ஏறி நின்றார். ஒருவருக்கும் உயிர் போகவில்லை.

அதோடு சரிந்தார். வாயில் நுரை, உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது...

"குடிச்சிட்டு ஓட்டியிரிக்கான்!" யாரோ கத்தினார்கள். இழுத்துக் கீழே போட்டார்கள். வலிப்பில் துடிக்கிற மனிதரை வயிற்றில் உதைத்தார்கள். ஒருவன் ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தான். பல் உடைந்தது.

ஒரு சொட்டுக்கூடக் குடித்தறியாதவர். எனக்குத் தெரியும். ஆனாலும் பயத்தில் பஸ் படியிலேயே நின்றேன். ஒரு நிமிஷமா, இரண்டா... பிறகுதான் "அடிக்காதீங்க, வலிப்பு!" என்று அவர்மேல் விழுந்தேன். என் முதுகிலும் உதை.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையிலிருந்து இரத்தம் திரும்பி வருகிற நாளம், இரத்தம் உறைந்து அடைத்துப்போயிருந்ததாம். ஏன் என்று தேடினால் கணையத்தில் கேன்சர். அதுதான் இரத்தத்தை உறையவைத்தது என்றார் டொக்டர். அடியால் வந்ததில்லை என்றும் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

போன கிழமை அவரிடம் சொன்னேன். "நானா, உங்களுக்கு அடிக்கக்குள்ள நான் படியில நிண்டு பாத்துக்கிட்டிருந்தன்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு, திரும்பாமலே, "இப்ப ஆரு ஓட்டுற?" என்றார்.

"வேற ஆள், நானா."

"மூணாம் கியர் இறுகும். மெதுவாப் போடச் சொல்லு."

அவ்வளவுதான் பேசினார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம். நான் வாறன், நானா.