மேகம் போட்ட படம்

இன்று வவுனியா பஸ்ஸில், நான் விற்கிற சேலைகளின் படங்களுக்குப் பின்னால் தெரியும் சுவரை ஒரு ஆப்பில் அழித்துக்கொண்டு வந்தேன். பக்கத்துச் சீட்டில் தர்மபுரத்தில் ஏறிய அன்ரி ஒருவர்.

“பிள்ளை, என்ர மகன்ர படத்தையும் இப்பிடி வெட்டித் தருவியளோ?”

கைப்பையிலிருந்து ஒரு படம் எடுத்தார். கலியாண வீட்டுச் சனத்துக்கு நடுவே சிரித்துக்கொண்டு நிற்கிறான் ஒரு பொடியன். கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். நாளைக்குக் காணாமல் போன ஆக்களைத் தேடுகிற போராட்டத்தில் கையில் பிடிக்கிற படமட்டைக்கு அவன் மட்டும் தனியாக வேண்டுமாம்.

போனில் படம் பிடித்து ஒரு தட்டுத் தட்டினேன். சனம் எல்லாம் மறைந்துவிட்டது. வெறும் வெள்ளையில் அவன் நின்றது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வடிவாக இருக்கட்டும் என்று நீல வானமும் மேகமும் போட்டுக் காட்டினேன்.

அன்ரியின் முகம் மாறியது.

“மேகம் செத்த ஆக்களுக்கெல்லோ போடுறது? அவன் செத்திட்டானெண்டு எனக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை.”

எங்கள் ஊர் மதில்களில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றிலும் இந்த மேகம்தான். பார்த்துப் பார்த்துப் பழகிய கை, யோசிக்காமல் போட்டுவிட்டது.

மன்னிப்புக் கேட்டு வேறு தேடினேன். பாரிஸ் கோபுரம், கடற்கரை, ரோசாத் தோட்டம்.

“விடுங்கோ பிள்ளை. இதையே பெருப்பிக்கிறன். சனத்தோட நிக்கட்டும்.”

படத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த ஆப்பில் ஆயிரம் பின்னணி இருக்கிறது. இருக்கிறானா இல்லையா என்று யாரும் சொல்லாத ஒருவனை நிறுத்த ஒன்றுகூட இல்லை. உங்களுடைய ஆப்பில் இருந்தால் சொல்லுங்கோ.