திருவாதிரையைத் தேடிய பெட்டி

நாங்கள் செய்தது ஷூ பெட்டி அளவில் ஒரு செயற்கைக்கோள். பிரகாசமான நட்சத்திரங்களை மட்டும் விண்வெளியிலிருந்து விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது அதன் வேலை. முதலில் பார்க்க வேண்டியது திருவாதிரை, ஒளி கூடிக் குறையும் சிவப்பு நட்சத்திரம்.

எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்று அது தெரிந்துகொள்ள ஒரு குட்டிக் கேமரா வைத்தோம். சுற்றியுள்ள நட்சத்திரங்களைக் கொண்டு திசை கண்டுபிடிக்கும். அதைச் சுவா சூ காங்கில் ஒரு கார்நிறுத்தத்தின் மொட்டைமாடியில் சோதித்தோம். சிங்கப்பூர் வானத்தைப் பற்றிச் சொல்லவா வேண்டும். மேகம் விலகினாலும் நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மங்கிய புள்ளிகளையும் பிடிக்கட்டும் என்று கேமராவின் கூர்மையை ஏற்றிக்கொண்டே போனோம். எங்களுக்கு ஒரே பெருமை.

மேலே போனதும் அது ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களைக் கண்டு திக்குமுக்காடிவிட்டது. எது எதென்று தெரியாமல் சுழன்றது. சூரியத் தகடுகளில் வெயில் சரியாகப் படாமல் பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது. கூர்மையைக் குறைக்கச் சொல்லும் ஒரு கட்டளை முழுதாகப் போய்ச் சேர்ந்தால் போதும். அது எங்கள் தலைக்கு மேல் கடக்கும் சில நிமிடங்களில் அனுப்புவோம்; ஒவ்வொரு கடப்பையும் 'பாஸ்' என்போம். சுழலும் பெட்டிக்குப் பாதிதான் கேட்கும்.

ஒரு ஞாயிறு காலை அம்மாவைச் சிராங்கூன் சாலைக் கோவிலுக்கு அழைத்துப் போயிருந்தேன். கட்டுப்பாட்டு அறையிலிருந்து தோழி கூப்பிட்டாள்.

"இந்த பாஸ்லயும் ஒண்ணும் வரல லா. பேட்டரி போயிருச்சுன்னு நினைக்கிறேன்."

"மறுபடி அனுப்பு."

"அனுப்பிட்டுத்தான் இருக்கேன்."

எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வா, அதுக்கு ஒரு அர்ச்சனை பண்ணிடுவோம்," என்றார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. சீட்டு வாங்கினேன்.

"என்ன நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

அம்மா என்னைப் பார்த்தார். "திருவாதிரை," என்றேன். அது தேடிப் போன நட்சத்திரம்தான் வாயில் வந்தது.

"பேரு?"

"சாமி பேருக்கே பண்ணிடுங்க," என்றார் அம்மா.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அம்மா கேட்டார். "இப்ப அது எங்க இருக்கும்?"

கைபேசியில் அதன் சுற்றுப்பாதையைப் பார்த்துச் சொன்னேன். அன்று முதல் இன்று வரை அது எங்கே இருக்கிறது என்று எந்த நேரத்திலும் என்னால் சொல்ல முடிகிறது. அதனிடம்தான் சொல்ல முடியவில்லை.