பின்னால் வந்த மோட்டார்

எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலையாக ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துவிடுவேன். தொழிற்சாலைப் பயிற்சி என்று என்னை எங்கெங்கோ அனுப்பியிருக்கிறார்கள். எல்லா ஊரிலும் நான் பார்த்தது கோபுரங்களை அல்ல, பூட்டுகளைத்தான். ஆம்ஸ்டர்டாமில் ஓட்டைச் சைக்கிளுக்குக்கூட இரண்டு பூட்டு. அது எனக்குப் புரிந்த ஊர். தோக்கியோவில் ஓர் அம்மாள் சைக்கிள் கூடையில் கைப்பையை அப்படியே விட்டுவிட்டுக் காய்கறிக் கடைக்குள் போனாள். யார் எடுக்கிறார்கள் பார்ப்போம் என்று எதிரிலேயே கால்மணி நேரம் நின்றேன். யாரும் எடுக்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. கோப்பன்ஹேகனில் ஒருவர் பின்னால் மணி அடித்தார். துரத்துகிறார் என்று நினைத்து, ஓரமாக இறங்கிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நான் அரண்டவள்தான், ஒப்புக்கொள்கிறேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்தவன் என் கைப்பையைப் பறித்துக்கொண்டு பறந்தான். கையிலிருந்த நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தையும் அவன் விடவில்லை.

அதனால், பாயான் பாருவில் நான் தனியாக இருக்கும் அடுக்குமாடி வீட்டிலிருந்து வேலைக்குச் சைக்கிளில் போகத் தொடங்கிய இரண்டாம் வாரமே அந்த மோட்டாரைக் கவனித்துவிட்டேன். ஊரில் பாதிப் பேர் ஓட்டும் அதே கறுப்பு மோட்டார். தலைக்கவசத்தில் கறுப்புக் கண்ணாடி. இங்கே மோட்டார் ஓட்டும் எல்லாரையும்போல, காற்றுக்காக ஜாக்கெட்டை முன்பின்னாகப் போட்டிருந்தது அந்த உருவம். ஆணா பெண்ணா தெரியவில்லை. நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. நான் நின்றால் தள்ளி நின்றது. என் தொழிற்சாலை வாசல் வந்ததும் வேறு பக்கம் திரும்பிப் போனது. பறிப்பதற்கு நேரம் பார்க்கிறான் என்று முடிவு செய்தேன். பையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓட்டினேன்.

எதிர்வீட்டுக்காரிமேலும் எனக்கு ஒரு கண். அவளும் ஏதோ தொழிற்சாலையில்தான் வேலை செய்தாள். அவள் வீட்டு மரக்கதவு எப்போதும் திறந்தே கிடக்கும், கம்பிக்கதவு மட்டும் சாத்தியிருக்கும். அதன் வழியாகத் தினமும் ஒரே கேள்வி.

"அக்கா, நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்புறீங்க?"

வேண்டுமென்றே அரைமணி தள்ளிச் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் வழக்கமான நேரத்துக்கே கிளம்பினேன், அந்த மோட்டார் வரவில்லை. இரண்டு பேரும் கூட்டு என்று எனக்குத் தெளிவாகிவிட்டது.

இதற்கிடையே மூன்று வாரம் தைப்பே பயிற்சி. திரும்பி வந்த மறுநாள் காலை கதவைத் திறந்தால், வாசலில் இரண்டாக அரிந்து குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். நடைபாதையில் நின்ற சைக்கிளின் கைப்பிடியிலும் குங்குமம். உலகம் சுற்றியவள் நான், ஆனாலும் மனதில் முதலில் வந்தது ஒன்றுதான். செய்வினை! விளக்குமாற்றால் பழத்தைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிவிட்டு, எதிர்வீட்டுக் கம்பியைத் தட்டினேன்.

"யாரு இத என் வாசல்ல வெச்சது?"

"நாந்தாங்கா. நேத்து ஆயுத பூச லா. ராத்திரி வேல முடிஞ்சு வந்து என் மோட்டாருக்குச் சாமி கும்பிட்டேன். உங்க சைக்கிளு மட்டும் சும்மா நின்னுச்சு, அதுக்கும் வெச்சேன்."

தைப்பேயில் நாள் கிழமையே மறந்துபோயிருந்தது. அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"அப்ப நான் எத்தன மணிக்குப் போறேன்னு தெனம் எதுக்குக் கேட்ட?"

அவள் திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். சுவரில் ஆணியில் ஒரு ஜாக்கெட் தொங்கியது. அதன்கீழே கறுப்புக் கண்ணாடி வைத்த தலைக்கவசம்.

"ரவுண்டபோட்டுக்கிட்ட பேக்டரி பஸ்காரனுங்க ஓரத்துல வர்ற சைக்கிள பாக்கவே மாட்டானுங்கக்கா. நான் பின்னால லைட் போட்டு வந்தா கொஞ்சம் ஒதுங்கிப் போவானுங்க. சொன்னா வேணாம்பீங்க, அதான் சொல்லல."

கைகூப்பியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"சரி, உனக்கு என்ன வேணும்?"

அவள் முகம் சுருங்கிப்போனது. "ஒண்ணும் வேணாங்கா," என்றாள். அந்த மரக்கதவு சாத்தப்பட்டு அன்றுதான் பார்த்தேன். உள்ளே இரண்டு முறை சாவி திரும்பியது. வெட்கத்தில் அங்கேயே நின்றேன். தட்டக் கை எழவில்லை.

மறுநாள் காலை அந்த ரவுண்டபோட்டைச் சுற்றும்போது ஒரு பஸ் என் முழங்கையை உரசுவதுபோலப் போனது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. சைக்கிளை விட்டு இறங்கி ஓரத்தில் காத்து நின்றேன். பத்து நிமிடம் கழித்து அந்தக் கறுப்பு மோட்டார் வந்தது. கையைத் தூக்கினேன். வேகம் குறையாமல் என்னைத் தாண்டிப் போய்விட்டது.

பை பறிபோன அன்றுகூட நான் அழவில்லை.