சத்தத்தைக் கூட்டாத கதிரேசன் அண்ணன்

கதிரேசன் அண்ணன் போய்விட்ட செய்தி வந்தபோது நான் பையனின் பள்ளி வேனுக்காகச் சாலையோரம் நின்றுகொண்டிருந்தேன். வேன் வழக்கத்தைவிடத் தாமதம். அதற்குள் மனதில் நாலைந்து விபத்துகளை நடத்தி முடித்திருந்தேன். அப்போதுதான் சூசை மாமா போன் செய்தார். "அமலா, நம்ம சவுண்டு கதிரேசன் காலையில நெஞ்சு வலின்னு உக்காந்தவரு எந்திரிக்கலையாம்மா. இலுப்பூர்ல வீட்லதான் வச்சிருக்காக. நாங்க கெளம்புறோம்." வேன் வந்தது, பையன் குதித்து இறங்கினான். நான் பயந்துகொண்டு நின்ற பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. நினைத்தே பார்க்காத பக்கத்திலிருந்து அடி விழுந்தது.

ஒலிப்பதிவுக்காரரான அவரோடு வேலை பார்த்தவர்கள் பலரும் அவரைப் பற்றி எழுதிவிட்டீர்கள். குறும்படம் எடுக்கிற பிள்ளைகள், கல்யாண வீடியோக்காரர்கள், ஆவணப்படத்துக்காக அவரோடு வயல் வயலாக நடந்தவர்கள். நான் தாமதமாக எழுதுகிறேன். பையனுக்குக் காய்ச்சல், பிறகு எனக்குக் காய்ச்சல் என்று சாக்குகள் உண்டு. உண்மையில் எனக்கு ஒரு தயக்கம். நான் அந்தத் தொழிலில் இருப்பவள் இல்லை. கணிதம் படித்துவிட்டு வீட்டில் இருப்பவள். அவருடைய மைக்குக்கு முன்னால் ஒரே ஒரு முறை உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஒரு முறையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் ஆவூர்ப் பக்கம். பெரிய வியாழன் முடிந்து உயிர்ப்பு ஞாயிறுக்குள் இயேசுவின் பாடுகளைப் பாஸ்கா என்ற நாடகமாக மைதானத்தில் நடத்துவோம். மேடையில் நிற்பவர்கள் பேச மாட்டார்கள், வாயசைப்பார்கள். வசனம் முழுவதும் முன்பே பதிவு செய்து வைத்தது, குழாய் ஸ்பீக்கரில் வரும். எங்கள் ஊரில் ஓடிக்கொண்டிருந்த பதிவு நான் பிறப்பதற்கு முன் செய்தது. அந்தக் காலத்தில் பெண்களை நாடகத்தில் சேர்ப்பதில்லை. ஆகவே மாதாவின் குரல் ஓர் ஆணின் குரல். வேறு யாருமில்லை, சூசை மாமாதான். மகனை மடியில் கிடத்தியதும் அவர் போடுகிற அலறலில் ஸ்பீக்கர் கரகரக்கும், மைதானத்தில் தூங்கும் பிள்ளைகள் எழுந்து அழும். ஊருக்கு அது பழகிப்போன அலறல். மாமாவுக்கு அது பெருமை.

பதிவு தேய்ந்துபோய்ப் பாதி வசனம் புரியாமல் ஆனபிறகு, புதிதாகப் பதியலாம், மாதாவுக்குப் பெண் குரலே இருக்கட்டும் என்று பங்குச் சாமியார் சொன்னார். பூசையில் நான் வாசகம் வாசிப்பேன், அதனால் என் பெயரைச் சொன்னார். திருச்சியில் ஸ்டுடியோ பார்த்தார்கள். நான் முடியாது என்றேன். பையனுக்கு அப்போது ஆறு மாதம். குறை மாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து வந்தவன். வீட்டுக்காரர் குவைத்தில். அவனை விட்டுவிட்டும் போக மாட்டேன், தூக்கிக்கொண்டும் போக மாட்டேன். யாரோ சொல்லிக் கதிரேசன் அண்ணனுக்குப் போன் போட்டார்கள். அவர் என்னிடம் பேசினார். "நீங்க ஒங்க புள்ளயத் தூக்கிட்டு வர வேணாம் தங்கச்சி. நான் எம்புள்ளயத் தூக்கிட்டு அங்கிட்டு வாரேன்."

நெற்றி நிறையத் திருநீறோடு, தோளில் ஒரு பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டு கோயில் வளாகத்தில் வந்து இறங்கினார். அந்தப் பைக்குள் இருந்ததுதான் அவருடைய பிள்ளை. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, இரண்டு திருகு குமிழ், வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள். ப்ரீ-ஆம்ப் என்றார். மைக்கிலிருந்து ஒரு வயர் அதற்குள் போகும், இன்னொரு வயர் ரெக்கார்டருக்குப் போகும். எதற்கு இது நடுவில் என்று கேட்டேன்.

"மைக்குலேருந்து வர்ற சத்தம் ரொம்பச் சின்னது தங்கச்சி. அத அப்படியே ரெக்கார்டர்ல விட்டு அங்க பெருசாக்குனா, அது கூடவே இரைச்சலும் பெருசாயிரும். இது முன்னாடியே சுத்தமாத் தூக்கிக் குடுத்துரும். எவ்வளவு தூக்கணும்னு கைக்குத் தெரியணும். கூடப் போனா சிவப்பு எரியும். எரிஞ்சா அந்தச் சத்தம் செத்துச்சு, திரும்ப எடுக்க முடியாது."

மறைக்கல்வி அறையின் சன்னல்களில் ஊர்க்காரர்களின் மெத்தைகளைக் கட்டித் தொங்கவிட்டுப் பதிவு தொடங்கியது. சூசை மாமா இப்போது பிலாத்து, இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லும் ரோமாபுரி ஆளுநர். அவர் வாயைத் திறந்தாலே சிவப்பு எரிந்தது. "மாமா, ஒரு எட்டுப் பின்னாடி நில்லுங்க." சிவப்பு. "இன்னும் பின்னாடி." சிவப்பு. கடைசியில் பிலாத்து வாசற்படிக்கு வெளியே நின்று தீர்ப்புச் சொன்னார். "ரோமாபுரியிலேருந்தே பேசுறேனே, போதுமாய்யா?" என்றார் மாமா. "இப்பத்தான் பச்சை எரியுது. ரோமாபுரியிலயே இருங்க" என்றார் அண்ணன். இரண்டு பேருக்கும் அன்று ஆரம்பித்த கேலி கடைசிவரை ஓயவில்லை.

என் வசனங்கள் எல்லாம் ஓடிவிட்டன, ஒன்றைத் தவிர. சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் வாங்குகிற இடம். "மகனே, கண்ணைத் திற. உன் தாய் வந்திருக்கிறேன்." அவ்வளவுதான் வசனம். அதை நான் சொல்ல மாட்டேன் என்றேன். படித்தவள் இப்படிப் பேசலாமா என்று கேட்பீர்கள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று நான் தினமும் சொல்லிக்கொண்டிருந்ததே அந்த வாக்கியம்தான். அதை இறந்த பிள்ளைக்குச் சொல்ல எனக்கு நா எழவில்லை. துணைக்கு வந்திருந்த அத்தையும் என் பக்கம். "பச்சப் புள்ளக்காரி அந்தப் பேச்சப் பேச வேணாம். ஆண்டவருக்குத் தெரியும், கோவிச்சுக்க மாட்டாரு."

"அப்ப விடு" என்றார் சூசை மாமா. "அந்த ஒரு எடத்துக்கு மட்டும் பழைய குரலே இருக்கட்டும்." சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது. என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. தப்பித்தேன் என்றும் இருந்தது. முதல் தடவையாக ஒரு பெண்ணுக்குக் கிடைத்த இடத்தை என் பயத்தால் மறுபடி மீசைக்காரரிடம் கொடுக்கிறேனே என்றும் எரிந்தது.

அண்ணன் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அறையின் மூலையில் தூளியில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் வசனத்துக்கு வசனம் எழுந்து போய் அவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வருவதை அவர் கவனித்திருந்தார். மைக்கைத் தூளிப் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தார். ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினார். குமிழை மெல்லத் திருகினார்.

முதலில் அறை கேட்டது. சன்னல் மெத்தையில் ஏதோ பூச்சி ஊர்வது கேட்டது. பிறகு அவன் மூச்சு வந்தது. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. கோயில் கதவு திறந்து மூடுகிற மாதிரி அத்தனை பெரிதாக, அத்தனை சீராக. விரலில் ஈரக்காற்றாக மட்டும் நான் அறிந்திருந்தது இவ்வளவு பலமான ஒன்று என்று எனக்கு அதுவரை தெரியாது.

"நான் ஒண்ணும் சேக்கல தங்கச்சி. இரைச்சலத்தான் விலக்குனேன். இது முழுக்க அவனோடது" என்றார்.

எவ்வளவு நேரம் கேட்டேன் என்று தெரியாது. ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சொல்றேண்ணே. ஆனா கத்த மாட்டேன். அவன் முழிச்சுக்குவான்" என்றேன்.

"கத்தச் சொன்னது யாரு? நீங்க அவனுக்குக் கேக்குற அளவுக்குச் சொல்லுங்க. மிச்சத்த நான் தூக்குறேன்."

குமிழை அவ்வளவு தூரம் ஏற்றி வைத்தால் ஊரே மைக்குக்குள் வந்துவிடுமாம். பம்புசெட், டிராக்டர், கோழி எதுவும் கூடாது. கொஞ்ச நேரம் ஊரை அமைதியாக வைத்துத் தாருங்கள் என்று சூசை மாமாவிடம் கேட்டார். மாமா உற்சாகமாகப் போனார். பம்புசெட் நின்றது, டிராக்டர் நின்றது. அண்ணன் கையை உயர்த்தினார். நான் வாயைத் திறந்தேன். அந்த நொடியில் கோயில் கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கர் முழங்கியது. "அன்பார்ந்த பங்கு மக்களே! ஒலிப்பதிவு நடைபெறுகிறது! தயவுசெய்து யாரும் சத்தம் போடாதீர்கள்!" அண்ணன் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். இரண்டாம் முறை கையை உயர்த்தியபோதும் அதே அறிவிப்பு. வெளியே ஓடிப்போய் மேலே பார்த்துச் சொன்னார்: "மாமா, ஊரு எப்பவோ அடங்கிருச்சு. இன்னும் அடங்காதது நீங்க ஒருத்தர்தான்!"

மூன்றாம் முறை, தூளியிலிருந்து பையனை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு சொன்னேன். வீட்டில் அவனிடம் பேசுகிற அதே குரலில். சொல்லி முடித்தபின்பும் அண்ணன் கையைக் கீழே போடவில்லை. பிள்ளையின் மூச்சைத் தொடர்ந்து பதிந்துகொண்டிருந்தார். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

கேட்டுப் பார்த்த சூசை மாமாவுக்கு ஒப்பவில்லை. "என்னம்மா இது? மாதா கதறுறாகளா, பக்கத்து வீட்டுக்காரிக்கிட்டப் பொரணி பேசுறாகளா? மைதானத்துல பாதிப் பேருக்குக் கேக்காது."

"கேக்கும் மாமா. கேக்கலைன்னா நீங்களே மேடைக்கு வந்து கதறுங்க, மைக்க நான் பிடிக்கிறேன்" என்றார் அண்ணன். மாமா அதைச் சவாலாகவே எடுத்துக்கொண்டார். நாடகத்தன்று பழைய பதிவைப் பென்டிரைவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒலி போடுகிற இடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் மைதானம் நிறைந்திருந்தது. பொன்னமராவதியிலிருந்துகூட வந்திருந்தார்கள். வறுகடலைக்காரர், ஐஸ் வண்டி, பிள்ளைகளின் பீப்பீ. சிலுவையிலிருந்து இறக்கினார்கள். மேடையில் மாதாவாக உட்கார்ந்திருந்த பெண் மகனை மடியில் வாங்கினாள். எல்லோரும் பழைய அலறலுக்குத் தயாராக இருந்தார்கள். என் முன்னால் இருந்த ஓர் அம்மா பேரனின் காதைப் பொத்தியேவிட்டார். அலறல் வரவில்லை. ஒரு மூச்சுதான் வந்தது. உள்ளே, வெளியே. பிறகு என் குரல். அந்த அம்மா கையை எடுத்தார். முன்வரிசை குனிந்தது, அதற்குப் பின்வரிசை, அதற்கும் பின்னால். ஐஸ் வண்டிக்காரர் மணியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வசனம் முடிந்தும் அந்த மூச்சு ஓடியது. ஒரு காலத்தில் வருமா வராதா என்று நான் கண்ணாடிக்கு வெளியே நின்று எண்ணிய மூச்சு, நான்கு குழாய் ஸ்பீக்கரிலும் ஊர் முழுக்கக் கம்பீரமாக வந்துகொண்டிருந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். இடுப்பில் மூச்சுக்குச் சொந்தக்காரன் வறுகடலைப் பொட்டலத்தைச் சப்பிக்கொண்டிருந்தான்.

நாடகம் முடிந்ததும் சூசை மாமா சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து அண்ணன் கையில் வைத்தார். "அழிச்சிருய்யா. வேற ஏதாச்சும் நல்லதாப் போட்டுக்க" என்றார்.

அண்ணன் அழிக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. "பிலாத்துவோட சின்ன வயசுக் குரலுல்ல, அது கெடக்கட்டும்" என்றாராம். ஒவ்வொரு வருடமும் பாஸ்காவுக்கு வந்து ஒலி போடுகிற இடத்தில் நிற்பார். என்னைப் பார்த்தால் நலம் விசாரிக்க மாட்டார். "மூச்சு எப்படி இருக்கான்?" என்றுதான் கேட்பார்.

இந்த வருடம் அவர் இல்லாத முதல் பாஸ்கா. ஒலி போட வந்தவர் புதிது. அந்த இடம் வந்ததும், குரல் சன்னமாக இருக்கிறதே என்று அவர் கை தானாகக் குமிழுக்குப் போனது. சூசை மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "கூட்டாதப்பா. கேக்குறவுக அவுகளே குனிஞ்சு முன்னால வருவாக" என்றார். வந்தார்கள்.

அண்ணனிடமிருந்து நான் என்ன எடுத்துக்கொண்டேன் என்று கேட்டால், போன வாரம் நடந்ததைச் சொல்வேன். பள்ளியில் பெற்றோர் கூட்டம். வேனில் பிள்ளைகளை அடைத்து ஏற்றுவதைப் பற்றி எல்லோரும் வெளியே புலம்புகிறார்கள், உள்ளே யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் எழுந்தேன். என் குரலில், வீட்டில் பேசுகிற அளவில் சொன்னேன். பின்னாலிருந்து ஒருவர், "சத்தமாச் சொல்லுங்கம்மா, கேக்கல" என்றார். எப்போதும் அந்த இடத்தில் நான் உட்கார்ந்துவிடுவேன்.

"கேக்கும் சார். கொஞ்சம் முன்னாடி வாங்க" என்றேன்.

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, முதலிலிருந்து சொன்னேன்.