ஆறாயிரம் உயிர்களும் என் ஓரகத்தியும்

என் ஓரகத்தியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

அவள் என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. மாமியார் மூக்குக்கண்ணாடியை எங்கெங்கே மறந்து வைப்பார் என்பதை வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டாள். எனக்கு அது பிடிபட நாலு வருஷம் ஆனது. யார் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே ஒரு நோட்டில் குறித்துக்கொள்வாள். குறை சொல்ல இடமே கொடுக்க மாட்டாள். அதுதான் அவளிடம் எனக்குப் பெரிய குறை.

இது வீட்டோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். நான் பதினோரு வருஷமாக வேலை பார்க்கும் பிராணிகள் மருத்துவமனைக்கே, என் கணினி அறைக்கே, என் பக்கத்து நாற்காலிக்கே வந்து சேர்ந்தாள்.

அங்கே உள்ள டேட்டாபேஸ் நான் கட்டியது. எந்த நாய்க்கு எப்போது ஊசி, எந்தப் பூனைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அதில்தான். சர்வர் ரொம்பப் பழைய பதிப்பு, செய்தவர்களே கைகழுவிவிட்டார்கள். நான்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டேன். ஒருவரும் ஒருநாளும் நல்லா செய்றீங்கம்மா என்று சொன்னதில்லை. புதிய பதிப்புக்கு மாற்றும் நாளிலாவது அந்த நல்ல பெயர் கிடைக்கும் என்று இலவு காத்த கிளியாகக் காத்திருந்தேன். பெரிய டாக்டர் அந்த வேலையைத் தூக்கி அவளிடம் கொடுத்தார். ஆறு மாதப் படிப்புக்கு ஏதோ சான்றிதழ் வைத்திருக்கிறாளாம்.

வயிறு எரிந்தது. வெளியே சிரித்துவைத்தேன்.

ஒழுங்காகத்தான் செய்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன். தனியாக ஒரு கணினியில் மூன்று முறை ஒத்திகை பார்த்தாள். அங்கேதான் ஒரு முட்டுக்கட்டை வந்தது. தேதி என்ற இடத்தில் வெறும் பூஜ்யங்களைப் போட்டாலும் பழைய சர்வர் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளும். புதியதோ, நாளும் மாதமும் உள்ள நிஜத் தேதி இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"அக்கா, தேதி4னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல ஆறாயிரம் வரிசைக்குப் பூஜ்யமாவே இருக்கு. அது எதுக்குக்கா?"

தேதி4 என்பது பிராணி இறந்த நாள். உயிரோடு இருந்தால் பூஜ்யம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவசரத்தில் நான் வைத்த பெயர், நானே வைத்துக்கொண்ட வழக்கம். எங்கேயும் எழுதிவைக்கவில்லை. சொல்ல ஒரு நொடி போதும்.

"அதெல்லாம் பழைய குப்பை. ஏதாவது ஒரு தேதியப் போட்டு நிரப்பிக்கோ," என்றேன்.

"சரிக்கா," என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஊசிப் பட்டியலெல்லாம் தாறுமாறாக வரும், அவள் திருதிருவென்று முழிப்பாள், பெரிய டாக்டர் என்னைக் கூப்பிடுவார். அவ்வளவுதான் நான் போட்ட திட்டம். ஒன்றை மறந்துவிட்டேன். தேதி4இல் தேதி விழுந்தால் வளர்த்தவருக்கு மறுநாள் காலை இரங்கல் செய்தி தானாகப் போகும்படி போன வருஷம்தான் பெரிய டாக்டர் ஏற்பாடு செய்திருந்தார்.

ஞாயிறு மதியம் மாற்றம் முடிந்தது. அவள் அன்றைய தேதியையே நிரப்பியிருந்தாள். திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஆறாயிரம் போன்களுக்குச் செய்தி பறந்தது: உங்கள் செல்லப்பிராணியின் மறைவுக்கு வருந்துகிறோம்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. "என் நாய் இப்பதான் என் செருப்பக் கடிச்சுட்டிருக்கு, நீங்க எதுக்கு வருத்தப்படுறீங்க?" என்று ஓர் அம்மா கேட்டார். ஒருவர் தன் கிளியையே போனில் பேசவைத்தார். வரவேற்பில் இருந்த பெண்ணுக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

அப்புறம் ஒரு தையல்காரர் வந்தார். சனிக்கிழமை வயிற்றில் அறுவை முடிந்து அவருடைய பூனை எங்கள் வார்டில் படுத்திருந்தது. கழுத்தில் அளவு நாடா தொங்கத் தொங்க ஓடி வந்திருந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. யாரோடும் சண்டை போடவில்லை. மடித்த வெள்ளைத் துணி ஒன்றை மேசைமேல் வைத்து, "இதுல சுத்திக் குடுத்துருங்கம்மா," என்றார்.

நர்ஸ் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பூனையைக் காட்டினாள். அது அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கணினி அறைக்கு ஓடினேன்.

பழைய பேக்கப்பைப் பார்த்து அந்த ஆறாயிரம் கட்டங்களையும் காலியாக்கினேன். பூஜ்யத்தை ஏற்காத புதிய சர்வர் காலியை ஏற்றுக்கொள்ளும். பத்து நிமிஷ வேலை. பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"என்னன்னு தெரியாத கட்டத்துல கை வைக்கலாமா? யார்கிட்டயாவது கேட்டியா?"

நோட்டு அவள் கையில்தான் இருந்தது. அவள் கேட்டதும் நான் சொன்னதும் அதில் எழுதியிருக்கும்.

"கேக்கல சார். என் தப்புதான்," என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் எழுந்து வந்தார். "வாடி பெரியவளே! நீ இல்லன்னா ஆஸ்பத்திரி மானமே போயிருக்குமாமே? சின்னவ சொல்லிச் சொல்லி மாளல. உன் அருமை எனக்கு இத்தன நாளும் தெரியாமப் போச்சேடி!"

சின்னவள் அடுப்படியில் இருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினோரு வருஷமாக நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை. அதையும் அவள்தான் எனக்கு வாங்கித் தந்தாள்.